துண்டு போட்ட இடம்

வேலை முடிந்தவர்கள் எல்லாரும் நுரையீரலைக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் இளஞ்சூடான நீலத் திரவம் நெஞ்சுக்குள் இறங்கும். கொஞ்ச நேரம் மூழ்கிச் சாகிற மாதிரி இருக்கும். பிறகு குனிய வேண்டும். பக்கத்தில் நிற்பவன் முதுகில் ஓர் அறை கொடுத்தால், அன்றைக்கு உறிஞ்சிய பனித்தூசி அத்தனையும் சாம்பல் நிறத்தில் கால்வாயில் போய் விழும். புதிதாக வருகிறவர்கள் இதற்கு அழுவார்கள். இசக்கிமுத்து வந்து எட்டு வருஷம் ஆகிறது. அவனுக்கு இது வாய் கொப்பளிக்கிற மாதிரிதான். கொப்பளித்துக்கொண்டே, இன்றைக்கு என்ன குழம்பு என்று அவனால் யோசிக்க முடியும்.

இன்று அவன் குழம்பை யோசிக்கவில்லை. கப்பலை யோசித்தான்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற சீரிஸ் என்னும் குட்டிக் கோளில் பனிக்கட்டி வெட்டுகிற குழுமம், ஆள் பிடிக்கத் தூத்துக்குடிப் பக்கம் வந்தபோது நேராக உப்பளங்களுக்குத்தான் போனது. கண் கூசுகிற வெள்ளைவெளியில் முதுகு நிமிராமல் வெட்டிக் குவிக்கப் பழகிய ஆட்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்? "உப்பும் வெள்ளை, பனியும் வெள்ளை. அங்கே வெயில் மட்டும் இருக்காது" என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். சொன்னது பொய்யில்லை. வெயில் மட்டும் இல்லை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

ஊர் திரும்பும் கப்பல் ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். அவனைக் கொண்டுவந்து இறக்கியதற்குப் பிறகு இப்போதுதான் அடுத்தது வந்து நிற்கிறது. மூன்று சங்கு ஊதும். மூன்றாவது சங்கோடு கதவை மூடிவிடுவார்கள். முதல் சங்கு வேலை நேரத்திலேயே ஊதிவிட்டது.

ஏறலாம், ஏறாமல் இருக்கலாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் கஷ்டம். இசக்கிமுத்துவுக்கு ஊரிலிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. மனைவி சொர்ணக்கிளி வாயால் "வாங்க" என்று ஒரே ஒரு வார்த்தை. எட்டு வருஷம் ஆள் இல்லாமல் பழகிப்போன வீடு. அங்கே கூப்பிடாமல் போய் நிற்க அவனுக்குக் கால் வரவில்லை.

ஊரோடு பேசுகிற பேச்சுக்கூண்டுக்கு அவன் போனபோது வரிசை வளைந்து உணவுக்கூடம் வரை வந்திருந்தது. முன்னால் மாடக்கண்ணு நின்றான். ஒரே உப்பளத்து ஆள், ஒரே கப்பலில் வந்தவன்.

"என்னவே, வரிசை நகரவே மாட்டேங்குது?"

"நகந்து என்ன செய்ய? உள்ள போன பய எல்லாம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய வாரான். இணைப்பு கெடைக்கலையாம்."

இசக்கிமுத்து கழுத்தை நீட்டிப் பார்த்தான். கூண்டின் திரையில் ஒரே வாக்கியம் நின்றது: இணைப்பு மறுக்கப்பட்டது. அந்தக் கூண்டுக்கு இந்த ஒரு வாக்கியம்தான் தெரியும். கம்பி அறுந்தாலும் இதைத்தான் சொல்லும், கடவுச்சொல் தப்பானாலும் இதைத்தான் சொல்லும்.

"நீரு நேத்து கேட்டீரா வீட்ல?" என்றான் மாடக்கண்ணு.

"கேட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"ஒங்க இஷ்டம்னா."

"எவ்வீட்லயும் அதேதாம்வே சொல்லுதா!" மாடக்கண்ணு சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. "எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி. அதான் இன்னைக்கு இன்னொரு தடவ அழுத்திக் கேப்போம்னு வந்து நிக்கோம்."

பூமிக்கு ஒரு சொல் போய்ச் சேர அரைமணி ஆகும். பதில் திரும்பி வர இன்னோர் அரைமணி. 'நல்லா இருக்கியா' என்று கேட்டுவிட்டுப் போய்க் குளித்து, சாப்பிட்டு வந்து 'இருக்கேன்' என்று கேட்பது பேச்சா? அதனால் குழுமம் ஒரு பேச்சுக்கிடங்கை வைத்திருந்தது. வீட்டில் இருப்பவர் பேசுவதையெல்லாம் கிடங்கு வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். சேர்த்ததை வைத்து அவரைப் போலவே பேசுகிற நிழல் ஒன்றை உண்டாக்கும். கூண்டுக்குள் உட்கார்ந்து வீட்டுக்காரியை "ஏளா" என்று கூப்பிட்டால், அடுத்த நொடியே "சொல்லுங்க" என்று நிழல் பதில் சொல்லும். நேற்றைய மழை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் அதற்குத் தெரிந்திருக்கும். நிழல் என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. முதல் வருஷம் தெரிந்தது. பிறகு தெரிந்துகொண்டே இருக்க யாருக்கும் தெம்பு இல்லை.

நேராகப் பேசவும் ஒரு வழி இருந்தது. அதன் பெயரே நேர்வழிதான். அந்த அறையில் இப்போது பழைய பூட்ஸ்களைப் போட்டுவைத்திருந்தார்கள்.

இசக்கிமுத்து வரிசையை விட்டு விலகிக் கிடங்கு அறைக்கு நடந்தான்.

கிடங்கைப் பார்த்துக்கொள்பவள் ஜெசிந்தா. திரேஸ்புரத்துக்காரி, அவன் வயதுதான் இருக்கும். வாய்க்கு யாரும் தப்ப முடியாது. அவள் முன்னால், வயிறு வெள்ளையாய் ஒரு பெங்குவின் படம் ஒட்டிய இரும்புப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. மனுஷன் கோள் விட்டுக் கோள் தாவியும் பெட்டிக்குள் ஓடுவது என்னவோ கொள்ளுத்தாத்தா காலத்து லினக்ஸ்தான். ஓடுகிறதைத் தொடுவானேன் என்று ஆளாளுக்கு விட்டுவிட்டார்கள்.

"வாங்க அண்ணாச்சி. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. எல்லாரும் வந்து வைதுட்டுப் போயாச்சு."

"நான் வையல தாயி. என்னன்னு கேக்க வந்தேன்."

"அதான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்." அவள் விசைகளைத் தட்டினாள். "மொதல்ல பெட்டிக்குள்ள ஆளு உசுரோட இருக்கான்னு பாக்கணும். கூப்பிட்டுப் பாத்தேன். ம்-ங்குது."

"பொறவு ஏன் தொறக்க மாட்டேங்குது?"

"உசுரோட இருக்கது வேற, கதவத் தொறக்கது வேற. ஒங்க வீட்ல பாத்ததில்லையா?"

அவள் அடுத்ததற்குப் போனாள். பெட்டி உயிரோடு இருந்தாலும் உள்ளே கிடங்குச் சேவை தூங்கிக்கொண்டிருக்கலாம். பார்த்தாள். விழித்துத்தான் இருந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பம் இதுதான். பந்தயம் கட்டுதேன் அண்ணாச்சி. போன வாரம் புதுப் பதிப்பு ஒண்ண ஏத்திவிட்டோம். ஏத்தினா சில நேரம் காத உள்பக்கமாத் திருப்பிக்கிடும். தன் வீட்டுக்குள்ள பேசுத பேச்ச மட்டும் கேக்கும். வெளிய நின்னு தொண்ட கிழியக் கத்துனாலும் காதுல வாங்காது. தனக்குத்தானே பேசிக்கிட்டு, தனக்குத்தானே தலையாட்டிக்கிட்டுக் கெடக்கும்."

அமைப்புக் கோப்பைத் திறந்து வரி வரியாக ஓட்டினாள். ஓட்ட ஓட்ட முகம் சுருங்கியது. காது வெளிப்பக்கமாகத்தான் இருந்தது.

"பந்தயத்துக்கு என்ன தருவ?" என்றான் இசக்கிமுத்து.

"போங்க அண்ணாச்சி."

காவல்சுவரைப் பார்த்தாள். கிடங்குக்குப் போகிற வாசல் எண் அதில் அடைபடாமல் இருந்தது. உள்ளே விடலாம் என்று எழுதிவைத்த பெயர்களைப் பார்த்தாள். இசக்கிமுத்துவின் பெயரும் இருந்தது, மாடக்கண்ணுவின் பெயரும் இருந்தது. ஆள் உயிரோடு இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, காவல்காரன் தடுக்கவில்லை, பெயரும் இருக்கிறது. பிறகும் உள்ளே போக முடியவில்லை.

"அப்பம் உள்ள எடம் இல்ல" என்றாள் மெதுவாக.

கிடங்குக்குள் ஒரே நேரத்தில் இத்தனை பேச்சுதான் நடக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அத்தனை இடமும் நிரம்பிவிட்டால் புதிதாக வருகிறவனுக்குக் கதவு திறக்காது. ஆனால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் வெளியேதான் நிற்கிறார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பது யார்?

ஜெசிந்தா சேவையை நிறுத்தினாள். உள்ளே இருந்த அத்தனை இணைப்பும் அறுந்தது. பெட்டியின் முனகல் ஒரு கணம் அடங்கியது. மறுபடி ஓடவிட்டாள். கூண்டில் நின்றவன் விரலை வைப்பதற்குள் அத்தனை இடமும் நிரம்பிவிட்டது.

"பாத்தீங்களா! திருச்செந்தூர் பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிப்பாவள்லா, அது மாதிரி. பஸ்ஸு நிக்கக்கூட இல்ல, அதுக்குள்ள அம்புட்டு சீட்டுலயும் துண்டு கெடக்கு."

"துண்டு யாரு போட்டா?"

கிடங்குக்காரிக்கென்று ஓர் இடம் எப்போதும் காலியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஜெசிந்தா அதன் வழியாக உள்ளே போனாள். உள்ளே நடக்கிற பேச்சை ஒலிபெருக்கியில் திருப்பிவிட்டாள்.

முதலில் சந்தைக்கடை இரைச்சலைப் போல இருந்தது. காது பழகப் பழகச் சொற்கள் பிரிந்தன.

"ஒங்க இஷ்டம்."

"இல்ல, ஒன் இஷ்டம்னு சொல்லுதேம்லா."

"நான் என்னத்தச் சொல்ல? ஒங்க இஷ்டம்."

ஒரு வீட்டில் இல்லை, எல்லா வீட்டிலும் அதே பேச்சு. ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கான குரல்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன. யாரும் கோபப்படவில்லை. யாரும் முடிக்கவும் இல்லை.

ஜெசிந்தா நெற்றியில் அறைந்துகொண்டாள். "கூண்டுல செவப்பு விசை ஒண்ணு இருக்கே, பேசி முடிச்சதும் அமுக்கணும்னு. அமுக்குதீங்களா?"

இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். யாரும் அமுக்குவதில்லை. வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு நாமாகப் பட்டென்று அறுப்பது எப்படி? அவள் வைக்கட்டும் என்று இவன் இருப்பான். நிழல் வைக்காது. கடைசியில் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவான். வருகிறேன் என்று சொன்னவனுக்குக் கிடங்கு இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஊரில் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள்.

அதுமட்டும் என்றால் காலி இடமாகக் கிடந்திருக்கும். ஆனால் கிடங்கைச் செய்தவன் ரொம்ப மரியாதை தெரிந்தவன். ஒருவர் எழுந்து போய்விட்டால் எதிர்முனையில் இருப்பவர் மனசு நோகக் கூடாது என்று, எழுந்து போனவரின் நிழலையே அந்த இடத்தில் உட்கார்த்தி வைக்கும்படி செய்திருந்தான். இரண்டு பக்கமும் ஆள் எழுந்து போய்விட்டால், இரண்டு நிழல்களும் பேசிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் எப்போதாவது ஒன்றிரண்டு இப்படி மாட்டும். நேற்றுக் கப்பல் அறிவிப்பு வந்ததும் இங்குள்ள கூட்டமே கூண்டில் ஏறி ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே பதிலை வாங்கிக்கொண்டு, விசையை அமுக்காமல் வந்துவிட்டது.

"எனக்கும் நிழல் இருக்கா?" என்றான் இசக்கிமுத்து.

"பின்ன? இங்க ஒங்களுக்கு அவுக நிழல்னா, அங்க அவுகளுக்கு ஒங்க நிழல். வந்த மொத நாள் உக்கார வச்சுப் பேசச் சொன்னாவள்லா?"

கதவுப் பூட்டு தன் குரலை அடையாளம் கண்டுகொள்வதற்காக அது என்று அவன் நினைத்திருந்தான். "என்னுத போடு" என்றான்.

போட்டாள்.

"ஏளா, சாப்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. மழ எப்படி?"

"நேத்து கொஞ்சம் ஊத்துச்சு. கூரத் தகரம் ரெண்டு இடத்துல ஒழுகுது. நீங்கதான் சொன்னியளே, தார் வச்சு அடைன்னு. அடைச்சிட்டேன்."

"நல்லதாப் போச்சு. கப்பல் வந்திருக்கு. வரட்டுமா?"

"ஒங்க இஷ்டம்."

இசக்கிமுத்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தார் வைத்து அடைக்கச் சொன்னவன் அவன் இல்லை. கூரை ஒழுகுவதே அவனுக்குத் தெரியாது. அந்தக் குரல் அவனுடையதுதான். ஆனால் எட்டு வருஷத்துக்கு முந்தைய குரல். அதில் இருமல் இல்லை. பனித்தூசி இல்லை. இரண்டு பேரும் உள்ளே நன்றாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா கெடக்க பேச்சையெல்லாம் அறுத்துவிட்டாத்தான் வழி பொறக்கும்" என்றாள் ஜெசிந்தா. ஒலிபெருக்கியை வெளிப்பக்கம் திருப்பி வரிசைக்கு அறிவித்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் மாடக்கண்ணு கதவில் வந்து நின்றான். அவன் பின்னால் பாதி வரிசை நின்றது.

"எம் பொஞ்சாதிய அறுப்பியா நீ?"

"ஒங்க பொஞ்சாதி ஊர்ல குத்துக்கல்லு மாதிரி இருக்காவ. இது நிழலு."

"நிழலுன்னாலும் கப்பல் வந்த நாளும் அதுவுமா அறுக்கக் கூடாது. கையி விளங்காது."

"மத்தவுகளத அறுத்துக்கோ" என்றான் பின்னால் நின்ற ஒருவன். "என்னுத மட்டும் விட்டுரு."

ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். ஜெசிந்தா கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். கூட்டம் போய் மறுபடி வரிசையில் நின்றது. திரை மறுபடி அதே வாக்கியத்தைக் காட்டியது.

இசக்கிமுத்து எழுந்தான். "நேர்வழி இன்னும் ஓடுதா?"

"ஓடும். யாரு பேசுதா அதுல?" அவள் நேரத்தைப் பார்த்தாள். "ஒரு கேள்வி, ஒரு பதில். அதுக்குத்தான் நேரம் இருக்கு. யோசிச்சுப் பேசுங்க அண்ணாச்சி. தப்பாச் சொல்லிட்டாத் திருத்த நேரமில்ல."

பூட்ஸ்களைத் தள்ளிவிட்டு இரண்டு பேரும் உட்கார இடம் பண்ணினார்கள். ஜெசிந்தா ஊர் எண்ணைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. இசக்கிமுத்து வாயைத் திறந்தான். "ஏளா" என்றுதான் நாக்கு நுனிக்கு வந்தது. அதைச் சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கிடங்குக்குள் இருக்கும் நிழல் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டதாக அவனுக்குப் பட்டது.

அவன் வெட்டுகிற பனிக்கு ஒரு தாளம் உண்டு. எட்டு வருஷமாக ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் பெயரை மனசுக்குள் சொல்வான். வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர்கள் பக்கத்தில் கட்டியவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. கூப்பிட்டால் கிண்டல் பண்ணுவார்கள். இங்கே கிண்டல் பண்ண யார் இருக்கிறார்கள்?

"சொர்ணக்கிளி" என்றான்.

சொன்னதும் இருமல் வந்தது. இருமி முடித்துப் பேசினான். "நான்தான். இசக்கி. நெசமாவே நான்தான். கப்பல் வந்திருக்கு. ஒன் இஷ்டம் என்னன்னு நான் கேக்கல. எனக்கு ஒன்னயப் பாக்கணும் போல இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. ஏறி வந்துருதேன்."

பச்சை விளக்கு அணைந்தது. குரல் புறப்பட்டுவிட்டது.

ஜெசிந்தா கேலி பேசாமல் இருந்ததே அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் போய்விட்டது. சொன்ன சொல் இருட்டில் போய்க்கொண்டிருக்கிறது, அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது. அந்த நினைப்பு பயமாகவும் இருந்தது, இதமாகவும் இருந்தது. இப்போது செவ்வாயைத் தாண்டியிருக்கும். இப்போது கடலுக்கு மேலே இறங்கும். இப்போது அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவாள். அடுப்பில் எதையாவது வைத்திருப்பாளோ? எதிரே நிற்கிறாளோ, உட்கார்ந்துவிட்டாளோ? கூண்டுக்குள் உட்கார்ந்து அவளை அவன் இப்படி நினைத்ததே இல்லை. கேட்ட உடனே பதில் வந்துவிடும், நினைக்க ஏது நேரம்? எட்டு வருஷத்தில் இந்த ஒரு மணி நேரம்தான் அவன் அவளுக்காகக் காத்திருந்தான்.

இரண்டாம் சங்கு ஊதியது. பச்சை விளக்கு அதற்கப்புறம்தான் எரிந்தது.

முதலில் காக்கை கரைந்தது. பிறகு தகரத்தில் மழை விழுகிற சத்தம். நிழலின் பேச்சில் காக்கை இருக்காது, மழை இருக்காது. பிறகு அவள் குரல் வந்தது. தடித்து, கொஞ்சம் உடைந்து, வயசாகி. அவன் முன்னால் சாய்ந்தான்.

"யாருய்யா நீரு?"

ஜெசிந்தா அவனைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக என்னயப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே கெடையாது. கல்யாணத்துக்குக்கூட ஐயருதான் எம் பேரச் சொன்னாரு. அவுக கொரலு கணீர்னு இருக்கும், இப்படி ஓட்டப் பானையாட்டம் இருக்காது. பொண்டாட்டியப் பாக்கணும் போல இருக்குன்னு அவுக வாயில என்னைக்கு வந்திருக்கு? கொரலத் திருடி ஏமாத்துத பயலுவ ஊரெல்லாம் திரியுதாம்னு டிவியில சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான். இப்பந்தான் அவுககிட்டயே கேட்டேன். தெரியாத ஆளு, அந்த வழிய அடைச்சுப் போட்டுரு ஏளான்னுட்டாவ. அடைக்கப் போறேன்."

மழைச் சத்தம் கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டது.

"ஆனா ஒண்ணு சொல்லுதேன். நீரு யாரா இருந்தாலும் சரி. அவுக மட்டும் இப்படி ஒரு வார்த்த கேட்டிருந்தா, வாங்கன்னு சொல்லியிருப்பேன். எம் பேர நீரு சொன்னதும் நல்லாத்தான் இருந்துச்சு. வைக்கிறேன்."

டப்பென்று சத்தம் கேட்டது. அவள் வைத்துவிட்டாள். எட்டு வருஷத்தில் அவனிடம் பேசிவிட்டு ஒருவர் வைத்தது அதுதான் முதல்முறை.

இசக்கிமுத்து மறுபடி கூப்பிடுவதற்கு விசையை அமுக்கினான். பச்சை விளக்கு எரியவில்லை. திரையில் எழுத்துகள் வந்தன: இணைப்பு மறுக்கப்பட்டது.

ஜெசிந்தா பழக்கதோஷத்தில் முணுமுணுத்தாள். "ஆளு உசுரோட இருக்கு. கூப்பிட்டா ம்-ங்குது. காது வெளிப்பக்கந்தான் இருக்கு. கதவு தொறந்துதான் இருந்துச்சு..."

"எம் பேருதான் உள்ள இல்ல" என்றான் இசக்கிமுத்து.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த நிழல நான் அறுத்துவிட்டுருதேன் அண்ணாச்சி. எவன் வந்து கத்துனாலும் சரி. நிழலு இல்லன்னா அவுக தன்னால நேர்வழிக்கு வருவாவ."

அவன் யோசித்தான். கப்பல் ஊர் போய்ச் சேர ஒன்றரை வருஷம் ஆகும். ஒன்றரை வருஷத்துக்கு மழை பெய்யும், கூரை ஒழுகும், இடி இடிக்கும். சொர்ணக்கிளிக்கு இடி என்றால் பயம்.

"வேண்டாம். நான் போய்ச் சேருத வரைக்கும் அவன் இருக்கட்டும்."

"அப்பம் ஏறப் போறியளா?"

"வாங்கன்னு சொல்லியிருப்பேன்னு சொன்னாள்லா? எனக்கு அது போதும்." அவன் எழுந்தான். பையை எடுக்கவில்லை. பையில் என்ன இருக்கிறது? "போறதுக்கு முன்ன அவங்கிட்ட ஒரு வார்த்த பேசணும். ஒன் எடத்த எனக்குக் குடு."

தன் நிழலோடு தானே பேசுவது கிடங்கு விதிக்கு விரோதம். ஜெசிந்தா விதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிடங்குக்காரியின் இடத்தில் அவனை உட்காரவைத்து இணைப்பைப் போட்டுக்கொடுத்தாள்.

"தம்பி" என்றான் இசக்கிமுத்து.

"சொல்லுங்க அண்ணாச்சி." அந்தக் குரலில் நல்ல மரியாதை இருந்தது. இசக்கிமுத்துவுக்கு முகம் கூசியது.

"ஒன்றரை வருசம் கழிச்சு ஒருத்தன் வந்து ஒங்க வீட்டுக் கதவத் தட்டுவான். அடைச்சிரு, போட்டுருன்னு சொல்லாத. தொறக்கச் சொல்லு."

"சரி அண்ணாச்சி. சொல்லிருதேன்." நிழல் ஒரு கணம் நின்றது. "யாரு வந்திருக்கான்னு சொல்லட்டும்?"

இசக்கிமுத்து வாயைத் திறந்தான். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு பெயர்தான். அதில் இந்த நிழல் ஏற்கெனவே துண்டு போட்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாம் சங்கு ஊத ஆரம்பித்தது. அவன் எழுந்து, ஜெசிந்தாவின் தோளில் கையை வைத்துவிட்டு, ஈர்ப்பு குறைந்த இந்தக் கோளில் ஓடக் கூடாத ஓட்டமாக, சுவரில் மோதி மோதிக் கப்பலைப் பார்த்து ஓடினான்.

அந்த அவசரத்தில் அவனும் சிவப்பு விசையை அமுக்க மறந்துவிட்டான்.

கிடங்கு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து போய்விட்டார் என்று தெரிந்ததும், எதிர்முனையில் இருப்பவர் மனசு நோகக் கூடாதே என்று, அவர் குரலுக்கு உரிய நிழலை, அதாவது இன்னோர் இசக்கிமுத்துவை, கொண்டுவந்து காலி இடத்தில் உட்கார்த்தியது. ஜெசிந்தா கையை விசைக்குக் கொண்டுபோனாள். ஒலிபெருக்கியிலிருந்து குரல் வந்ததும் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, கேக்குதா? யாரு வந்திருக்கான்னு சொல்லட்டும்?"

"நாந்தான்னு சொல்லு" என்றது அதே கணீர்க் குரல்.

"சரி அண்ணாச்சி. சாப்டாச்சா?"

"ஆச்சு. நீரு?"

"ஆச்சு."

வெளியே கூண்டுக்கு முன்னால் வரிசை நகராமல் நின்றது.